லைசென்ஸ் புதுப்பிப்பு: நீங்களே செய்வதா, மையத்தில் கொடுப்பதா, டிரைவிங் ஸ்கூலா?

"லைசென்ஸ் முடியப் போகிறது. நானே ஆன்லைனில் போடலாமா, டிரைவிங் ஸ்கூலில் கொடுத்துவிடலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வி இப்போது அதிகம் எழுவதற்குக் காரணம் இருக்கிறது. 2019 சட்டத் திருத்தத்துக்கு முன்பு சொந்த வாகனத்துக்காக வழங்கப்பட்ட ஓட்டுநர் உரிமம் இருபது ஆண்டுகள் அல்லது ஐம்பது வயது, இரண்டில் எது முந்தியோ அதுவரை செல்லும். கல்லூரியில் படிக்கும்போது 2005, 2006 வாக்கில் எடுத்தவர்களுக்கு அந்த இருபது ஆண்டு இப்போது நிறைகிறது. இவர்களில் பெரும்பாலோர் அதன் பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வாசலை மிதித்ததே இல்லை. அவர்கள் லைசென்ஸ் எடுத்த காலத்து நடைமுறை வேறு, இன்றைய நடைமுறை வேறு.

எந்த வழியில் போவது என்பதைவிட எப்போது போவது என்பதுதான் பெரிய முடிவு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். காலாவதி ஆவதற்கு முன்பு போனால் மூன்று வழிகளும் திறந்திருக்கும். நாள் கடந்தபின் ஒவ்வொன்றாக அடைபடும். அதனால் முதலில் காலத்தையும், பிறகு வழியையும் பார்ப்போம். இங்கே சொல்வது தமிழ்நாட்டு நடைமுறை. சட்டமும் மத்திய விதிகளும் நாடு முழுவதற்கும் பொது.

எதை வைத்து எடைபோடுவது

கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, செல்லத்தக்க உரிமம் கையில் இல்லாத நாட்கள் எத்தனை வரும்? இரண்டாவது, அரசுக் கட்டணம் போக மொத்தச் செலவு என்ன? மூன்றாவது, உங்கள் ஆவணங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா? நான்காவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: ஏதாவது தவறிப்போனால் சரிசெய்யும் சாவி உங்கள் கையில் இருக்குமா, வேறொருவர் கையில் இருக்குமா?

முதல் முடிவு: எப்போது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, உரிமம் முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்க அனுமதிக்கிறது. முடிந்த பிறகும் ஓராண்டு வரை தேர்வு இல்லாமல் விண்ணப்பிக்கலாம். அதையும் கடந்துவிட்டால் ஓட்டும் திறன் தேர்வில் மீண்டும் தேற வேண்டும். முன்பு இந்த எல்லை ஐந்து ஆண்டுகளாக இருந்தது. 2019 திருத்தம் அதை ஓராண்டாகச் சுருக்கியது.

| விண்ணப்பிக்கும் காலம் | இடைப்பட்ட நாளில் ஓட்டலாமா | தேர்வு | செலவு |
|---|---|---|---|
| முடிவதற்கு முந்தைய ஓராண்டுக்குள் | பழைய உரிமம் செல்லும் நாள்வரை ஓட்டலாம் | இல்லை | வழக்கமான கட்டணம் |
| முடிந்த பின் ஓராண்டுக்குள் | கூடாது | இல்லை | தாமதக் கட்டணம் சேரலாம் |
| ஓராண்டு கடந்த பின் | கூடாது | உண்டு | தாமதக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் |

இரண்டாவது வரிசையில் இருக்கும் 'கூடாது' என்ற சொல்லைத்தான் நம்மவர்கள் நம்ப மறுக்கிறார்கள். "முப்பது நாள் சலுகை உண்டு" என்பது ஊரெங்கும் பரவியிருக்கும் நம்பிக்கை. அது ஒரு காலத்தில் உண்மையும்கூட. பழைய சட்டத்தில், முடிந்த உரிமமும் மேற்கொண்டு முப்பது நாள் செல்லும் என்ற வாசகம் இருந்தது. 2019 திருத்தம் அதை நீக்கிவிட்டது. இன்று நள்ளிரவோடு உரிமம் முடிகிறது என்றால், நாளைக் காலை நீங்கள் உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டுபவர். இதற்கு 181-ஆம் பிரிவின்கீழ் அபராதம் 5,000 ரூபாய். வண்டி வேறொருவருடையது என்றால், ஓட்ட அனுமதித்த குற்றத்துக்கு அவருக்கும் 180-ஆம் பிரிவில் தனியாக அபராதம் உண்டு.

அபராதத்தைக் கட்டிவிட்டுப் போய்விடலாம். விபத்து நடந்தால் அப்படிப் போக முடியாது. செல்லத்தக்க உரிமம் இல்லாதவர் ஓட்டினார் என்பது காப்பீட்டு நிறுவனம் சட்டப்படியே முன்வைக்கக்கூடிய மறுப்பு. பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் முதலில் இழப்பீடு கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் அந்தத் தொகையை வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் அனுமதிக்கின்றன. உங்கள் வண்டிக்கு ஆன சேதத்துக்குக் கேட்கும் தொகையும் மறுக்கப்படலாம். ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதையும் துடைத்துக்கொண்டு போகக்கூடிய இடம் இது. தாமதத்தின் உண்மையான செலவு இங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தாமதமாகப் புதுப்பித்தால், புதிய உரிமம் புதுப்பித்த நாளிலிருந்துதான் செல்லும். பின்னோக்கிப் போய் நடுவில் விட்ட இடைவெளியை அது நிரப்பாது. தெலங்கானா காவல் துறையின் ஓட்டுநர் பணிக்கான ஆள்சேர்ப்பு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியிருக்கிறது. ஓட்டுநர் பணிக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள், 'தொடர்ச்சியாக உரிமம் வைத்திருக்க வேண்டும்' என்ற நிபந்தனை இருக்கும் இடங்களில் ஒரு வார இடைவெளிகூட வேலையைப் பறிக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அப்படியானால் ஓராண்டுக்கு முன்பே போய்விடலாமா? அதிலும் ஒரு மறைமுகச் செலவு உண்டு. முன்கூட்டியே விண்ணப்பித்தாலும் புதிய காலம் புதுப்பித்த நாளிலிருந்தே தொடங்கும் என்பதுதான் சட்டத்தின் வாசகம். புதுப்பிக்கும்போது முப்பது வயதுக்கு மேல் ஐம்பதுக்குள் இருப்பவருக்குப் பத்து ஆண்டுகளும், ஐம்பத்தைந்து கடந்தவருக்கு ஐந்து ஆண்டுகளும் கிடைக்கும். இவர்கள் பதினொரு மாதம் முன்னதாகப் புதுப்பித்தால் பதினொரு மாதம் கையைவிட்டுப் போகும். ஐம்பது முதல் ஐம்பத்தைந்து வயதுக்குள் இருப்பவருக்கு இந்த இழப்பு இல்லை. என்று புதுப்பித்தாலும் அவருக்கு அறுபது வயது நிறையும் நாள்வரை கிடைக்கும்.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், முடிவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்பு விண்ணப்பிப்பதே நல்லது. பெயர்ப் பிழை, முகவரி மாற்றம், மருத்துவச் சான்று என்று எது இழுத்தாலும் அதற்குள் முடித்துவிடலாம். இழப்பதும் சில வாரங்கள்தான். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் நான் வேறு விதமாகச் சொல்வேன். அடுத்த விடுப்புக்கு முன்பு உரிமம் முடியும் என்றால், இந்த விடுப்பிலேயே முடித்துவிடுங்கள். பத்து மாதக் காலம் போனாலும் பரவாயில்லை. ஊர் திரும்பும்போது ஓராண்டு எல்லை கடந்து, மறுபடி மைதானத்தில் எட்டு போட்டுக் காட்டும் நிலை வராது.

இரண்டாவது முடிவு: எந்த வழி

*நீங்களே செய்வது*

மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாகன் இணையதளத்தின் 'சாரதி' பகுதியில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் உங்கள் விவரம் திரையில் வரும். புதுப்பித்தல் சேவையைத் தேர்ந்தெடுத்து, ஆவணங்களைப் பதிவேற்றி, கட்டணம் செலுத்த வேண்டும். மத்திய விதிகளின் பட்டியலில் புதுப்பித்தலுக்கு 200 ரூபாய். ஸ்மார்ட் அட்டைக்கும் சேவைக்கும் உரிய தொகை அதனுடன் சேரும். சலுகைக் காலம் தாண்டி வரும் விண்ணப்பத்துக்கு அதே பட்டியலில் 300 ரூபாயும், தாமதமான ஒவ்வோர் ஆண்டுக்கும் 1,000 ரூபாயும் இருக்கின்றன. இந்தச் சலுகை கட்டணத்துக்கு மட்டும்தான். ஓட்டுவதற்கான அனுமதி என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்ட வேண்டிய மொத்தத் தொகையைத் தளமே காட்டும்.

ஆதார் மூலம் அடையாளத்தைச் சரிபார்க்க ஒப்புக்கொண்டால் அலுவலகத்துக்கே போகாமல் முடிக்கும் வசதி 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையோடு வந்தது. தேர்வு தேவைப்படாத புதுப்பித்தல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆதார் வேண்டாம் என்றால் நாள் குறித்துக்கொண்டு, மூல ஆவணங்களோடு அலுவலகத்துக்கு நேரில் போகலாம்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் இந்த வழி முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: நம் இனிஷியல். லைசென்ஸில் 'எஸ். குமார்' என்றும், ஆதாரில் 'குமார் செல்வம்' என்றும், பள்ளிச் சான்றிதழில் 'குமார் எஸ்' என்றும் ஒரே மனிதர் மூன்றாக இருப்பார். இருபது ஆண்டுக்கு முன்பு கையால் எழுதிய விண்ணப்பத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தபோது பிறந்த தேதி மாறிப்போனவர்களும் இருக்கிறார்கள். அதனால் விண்ணப்பத்தைத் தொடங்கும் முன்பே லைசென்ஸையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள், அல்லது நேரில் போகும் வழியைத் தேர்ந்தெடுங்கள். விண்ணப்பித்துப் பணம் கட்டிய பிறகு நிராகரிக்கப்பட்டால் வீணாகும் வாரங்கள் உங்களுடையவை.

அடுத்தது மருத்துவச் சான்று. நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர், சொந்த வாகன உரிமம் மட்டும் வைத்திருந்தால், படிவம் 1 என்ற தன்னுறுதிமொழி போதும். நாற்பது கடந்தவர்களுக்கும் டாக்சி, லாரி, பஸ் போன்ற போக்குவரத்து வாகனம் ஓட்டுபவர்களுக்கும் படிவம் 1ஏ, அதாவது மருத்துவர் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது சாரதியில் பதிவு செய்துகொண்ட மருத்துவர் இணையத்திலேயே சான்றைப் பதிவேற்றும் முறை வந்திருக்கிறது. தெருமுனை கிளினிக்கில் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்த் திரும்பி வராமல் இருக்க, "நீங்கள் சாரதியில் பதிவு செய்திருக்கிறீர்களா?" என்று மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இந்தச் சான்றைச் சடங்காக நினைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. இருபத்தைந்து மீட்டர் தொலைவில் உள்ள வண்டியின் எண் பலகையை நல்ல பகல் வெளிச்சத்தில் படிக்க முடிகிறதா, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா என்று படிவம் கேட்கிறது. நாற்பதுக்குப் பிறகு பார்வை மெல்ல மாறும், நமக்கே தெரியாது. காசு கொடுத்துக் கையெழுத்து வாங்காமல், உண்மையாகவே கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சாலையில் எதிரே வருபவருக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது.

இந்த வழி யாருக்கு ஏற்றது? பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிறவர்கள், ஆதாரோடு இணைந்த கைபேசி எண் இன்னும் பயன்பாட்டில் இருப்பவர்கள், இணையத்தில் ஒரு டிக்கெட் பதிவு செய்யத் தெரிந்தவர்கள். கட்டணம் மிகக் குறைவு. விண்ணப்ப எண், கைபேசிக்கு வரும் ஓடிபி, பணம் கட்டிய ரசீது மூன்றும் உங்களிடமே இருக்கும்.

ஓர் எச்சரிக்கை மட்டும். தேடுபொறியில் முதலில் வரும் தளமெல்லாம் அரசுத் தளம் அல்ல. முகவரி ஜிஓவி.இன் (gov.in) என்று முடிகிறதா என்று பாருங்கள். வாட்ஸப்பில் வரும் 'பரிவாகன்' செயலியை ஒருபோதும் நிறுவ வேண்டாம். வங்கிக் கணக்கைத் துடைக்கும் மோசடி அது.

*இ-சேவை மையம் அல்லது பிரவுசிங் சென்டர்*

கணினியோ ஸ்கேனரோ இல்லாதவர்களுக்கு இது நல்ல நடுவழி. பழகுநர் உரிமத்துக்கு இ-சேவை மையங்கள் வழியாக விண்ணப்பிக்கும் வசதி 2024 மார்ச்சில் வந்தது. புதுப்பித்தலைச் செய்துதருகிறார்களா என்று உங்கள் ஊர் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சேவைக் கட்டணம் சிறியதுதான். ஆனால் அவர்கள் செய்வது படிவத்தை நிரப்புவது மட்டும். நிராகரிப்பு வந்தால் காரணத்தைப் பார்த்து மறுபடி அலைய வேண்டியது நீங்கள்தான்.

இந்த வழியின் மறைமுகச் செலவு, அவசரத்தில் மையத்தின் கைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ பதிந்துவிடுவது. உட்கார்ந்து, உங்கள் எண்ணைத்தான் பதிகிறார்களா என்று திரையில் பார்த்த பிறகே எழுந்திருங்கள்.

*டிரைவிங் ஸ்கூல், புரோக்கர்*

இரண்டும் ஒன்றல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிரைவிங் ஸ்கூல் என்பது அரசிடம் உரிமம் பெற்று, முகவரியும் பலகையும் வைத்து நடத்துவது. அலுவலக வாசலில் மரத்தடியில் நிற்கும் புரோக்கருக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. அவரிடம் மூல லைசென்ஸைக் கொடுப்பதை எந்த நிலையிலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டிரைவிங் ஸ்கூல் தேவைப்படும் இடங்கள் உண்மையாகவே உண்டு. உரிமம் முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஓட்டிக் காட்டும் தேர்வில் தேற வேண்டும். உங்கள் கையில் அந்த வகை வண்டி இல்லை. அப்போது பள்ளியின் வண்டியும் இரண்டு நாள் பயிற்சியும் பணத்துக்கு ஈடான உதவி. பல ஆண்டுகளாகக் காரே ஓட்டாதவர்கள் பழகிக்கொள்ளாமல் மோட்டார் வாகன ஆய்வாளர் முன் போய் நிற்பது வீண். தேர்வுக் கட்டணம் ஒவ்வொரு வாகன வகைக்கும் 300 ரூபாய். தோற்றால் அந்தச் செலவும் அலைச்சலும் இரட்டிப்பாகும்.

பழைய புத்தக வடிவ லைசென்ஸ் வைத்திருப்பவர்களும் உதவி தேட நேரலாம். அந்த விவரம் சாரதியில் ஏறாமல் இருந்தால் தளத்தில் எண்ணைத் தட்டினாலும் ஒன்றும் வராது. உரிமம் வழங்கிய அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் பார்த்து அதை ஏற்ற வேண்டியிருக்கும். ஆனால் இதையும் நேரில் போய்க் கேட்டாலே செய்துகொள்ளலாம். வயதானவர்கள், தொலைவில் இருப்பவர்கள் மட்டும் பள்ளியை நாடினால் போதும்.

தேர்வு வேண்டாத சாதாரணப் புதுப்பிப்புக்குப் பள்ளி கேட்கும் தொகை அரசுக் கட்டணத்தைவிடச் சில மடங்கு இருப்பது வழக்கம். கேட்பதில் தவறில்லை, அவர்கள் உழைப்புக்குக் கூலி வேண்டும். ஆனால் அரசுக் கட்டணம் எவ்வளவு, சேவைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். பிரித்துச் சொல்லத் தயங்குகிற இடத்தில் கொடுக்க வேண்டாம்.

பணத்தைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. விண்ணப்பத்தில் அவர்களுடைய கைபேசி எண் ஏறிவிட்டால், அடுத்த பத்து ஆண்டுகளுக்கு உங்கள் உரிமம் பற்றிய தகவல்கள் அந்த எண்ணுக்கே போகும். முகவரி மாற்ற, நகல் எடுக்க, எதற்கும் மறுபடி அவர்களிடமே போய் நிற்க வேண்டும். அந்தப் பள்ளி மூடிவிட்டால் இன்னும் சிக்கல். "என் எண்ணைத்தான் பதிய வேண்டும், ஓடிபி எனக்கு வரும், நான் சொல்கிறேன்" என்பதை நிபந்தனையாக வையுங்கள். நல்ல பள்ளிகள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை.

யாருக்கு எது

நாற்பது வயதுக்குள், ஆவணம் ஒத்துப்போகிறது, காலாவதிக்கு இன்னும் நாள் இருக்கிறது: நீங்களே செய்யுங்கள். வேறு யோசனையே வேண்டாம்.

நாற்பது கடந்தவர், ஆவணம் சரி: அப்போதும் நீங்களே. மருத்துவரை மட்டும் முதலில் பாருங்கள்.

இணையம் பழக்கமில்லாத பெற்றோர்: பிள்ளைகள் உட்கார்ந்து செய்துகொடுக்கலாம். பிள்ளைகள் ஊரில் இல்லை என்றால் இ-சேவை மையம்.

பெயர், பிறந்த தேதி மாறியிருப்பவர்: எந்த வழியில் போனாலும் அலுவலகத்தை நேரில் பார்த்துத்தான் தீர வேண்டும். பள்ளிக்குக் கொடுக்கும் பணம் அந்தப் பயணத்தைத் தவிர்க்காது.

ஓராண்டு கடந்தவர்: டிரைவிங் ஸ்கூல். தேர்வில் தேறும்வரை சாவியை வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

டாக்சி, லாரி, பஸ் ஓட்டிப் பிழைப்பவர்கள்: உங்கள் அட்டையில் சொந்த வாகனத்துக்கு ஒரு தேதியும் போக்குவரத்து வாகனத்துக்கு வேறொரு தேதியும் இருக்கும். போக்குவரத்து வகைக்கு ஐந்து ஆண்டுகள்தான், அபாயகரமான சரக்கு ஏற்றுபவர்களுக்கு மூன்று. பெரிய தேதியைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட்டுச் சின்னத் தேதியைத் தவறவிடுவது அடிக்கடி நடக்கிறது. இவர்களுக்கு ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் மூன்று மாதம் முன்பே தொடங்குவதில் இவர்களைப்போல் லாபம் அடைபவர்கள் வேறு யாரும் இல்லை.

வேறு மாவட்டத்திலோ வேறு மாநிலத்திலோ குடியேறியவர்கள் உரிமம் எடுத்த ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. சட்டப்படி எந்த உரிமம் வழங்கும் அதிகாரியும் புதுப்பிக்கலாம். இப்போது குடியிருக்கும் முகவரிக்குச் சான்று வேண்டும், அவ்வளவுதான்.

அட்டை கைக்கு வரும்வரை

முகவரியில் நம்மவர்கள் காட்டும் அலட்சியத்துக்கு இப்போது உடனே விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் லைசென்ஸ் அட்டையை அலுவலகத்தில் நேரில் தருவதில்லை, விரைவு அஞ்சலில்தான் அனுப்புகிறார்கள். வாடகை வீடு மாறி, பழைய முகவரியே விண்ணப்பத்தில் இருந்தால் அட்டை திரும்ப அலுவலகத்துக்கே போய்விடும். பிறகு சுயமுகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறையைக் கொடுத்து மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும். வீடு மாறியிருந்தால் புதுப்பித்தலோடு முகவரி மாற்றத்துக்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடுங்கள்.

அஞ்சல் வரும்வரை டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் உள்ள மின்னணு உரிமத்தைக் காட்டலாம், 2018 விதித் திருத்தத்தின்படி அது செல்லும். வெறும் விண்ணப்ப ரசீது உரிமம் ஆகாது. புதுப்பிப்புக்கு ஒப்புதல் கிடைத்ததும் செயலியில் புதிய தேதி ஏறியிருக்கிறதா, முன்பு இருந்த இருசக்கர, நான்கு சக்கர வகைகள் இரண்டும் அப்படியே இருக்கின்றனவா, பெயரும் இரத்த வகையும் சரியா என்று பார்த்துவிடுங்கள். பிழை இருந்தால் விண்ணப்ப எண்ணோடு அந்த வாரமே அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்கு முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.